எந்த மலை என்பதற்கு முன் எந்த மாதம்?

மூணாறுக்கு அருகே உள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவை ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் மூடிவிடுவார்கள். வரையாடுகள் குட்டி போடும் காலம் அது. அறையும் வண்டியும் பதிவு செய்துகொண்டு போய், வாசலோடு திரும்பி வருகிறவர்கள் எல்லா ஆண்டும் உண்டு. வனத்துறையைத் திட்டிப் பயனில்லை. காட்டுக்கென்று ஒரு நாள்காட்டி இருக்கிறது. அந்தக் காட்டில் நடக்கப் போகிறவரின் உடம்புக்கும் ஒன்று தேவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் அதே பாதை ஏப்ரலில் தண்ணீரை உறிஞ்சும், ஜூலையில் ரத்தத்தை உறிஞ்சும், டிசம்பரில் சூட்டை உறிஞ்சும்.

எல்லாத் தேசியப் பூங்காவிலும் நடக்க விடமாட்டார்கள் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடலாம். முதுமலையில் பெரும்பாலும் வனத்துறை வண்டியில் உட்கார்ந்துதான் காடு பார்க்க முடியும். தமிழ்நாட்டு மலைகளில் நடக்க விரும்புவோருக்கு 2024இல் அரசு 40 பாதைகளைத் திறந்துவிட்டது. இணையத்தில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு போய்வரலாம். அனுமதி இல்லாத பாதையில் 'தெரிந்த பையன்' கூட்டிப்போவதாகச் சொன்னால் போகாதீர்கள். அங்கே கால் பிசகினால் தேடி வரவும் ஆள் இருக்காது.

நடப்பதால் என்ன கிடைக்கிறது?

இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் விசாரித்து 2019இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் கழித்தவர்கள் உடலும் மனமும் நலமாக இருப்பதாகச் சொன்னார்கள் என்றது. நலமாக இருப்பவர்கள்தான் வெளியே கிளம்புகிறார்களோ என்ற சந்தேகத்தை அந்த ஆய்வால் முழுக்கத் தீர்க்க முடியவில்லை. அது எப்படியோ போகட்டும். ஏற்றம் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நல்ல வேலை தரும். கல்லும் வேரும் கிடக்கிற தரை, சிமென்ட் நடைபாதை தராத சமநிலைப் பயிற்சியைக் கணுக்காலுக்குத் தரும். இதில் சந்தேகமே இல்லை.

மூச்சு வாங்கினால் உயரத்தைக் குறை சொல்லாதீர்கள்

தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். தொட்டபெட்டா 2,637. உயர மலை நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் போய்த் தங்குபவர்களைத்தான் பிடிக்கும். ஆகவே நம் மலைகளில் பாதி வழியில் மூச்சு முட்டினால், நெஞ்சு இறுகினால், 'உயரம், அதான்' என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது. காரணம் பெரும்பாலும் பழக்கமின்மையாக இருக்கும், இதயமாகவும் இருக்கலாம். 2024இல் வெள்ளியங்கிரி மலையேறிய பக்தர்கள் பலர் மூச்சுத்திணறியும் மாரடைப்பாலும் இறந்த செய்திகள் அடுத்தடுத்து வந்தன. நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டே கிளம்புவது நல்லது. மூன்று மாடிப் படி ஏறியதும் பேச்சு நின்றுபோகிறவர், ஒரு மாதமாவது தினமும் படியேறிப் பழகிவிட்டு அப்புறம் மலையை யோசிக்கலாம்.

ஏற்றம் மூச்சைச் சோதித்தால் இறக்கம் முட்டியைச் சோதிக்கும். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் கழிப்பறையில் உட்கார்ந்து எழ முடியாமல் தவிப்பது இதனால்தான். சிறிய அடி, லேசாக மடங்கிய முட்டி, கையில் ஊன்றுகோல் ஆகிய மூன்றும் இருந்தால் வலி குறையும். இளவட்டங்கள் இறக்கத்தில் ஓடுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

கோடை: தண்ணீரும் தீயும்

மலைதானே, குளுகுளுவென்று இருக்கும் என்று ஒரே ஒரு பாட்டிலோடு ஏறுகிறார்கள். புல்வெளியில் நிழல் கிடையாது. காற்று வியர்வையை உடனே உலர்த்திவிடுவதால், எவ்வளவு நீர் போனது என்றே தெரியாது. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் பத்து சதவீதம் கூடும்; தொப்பி ஆடம்பரம் இல்லை. நீண்ட நேரம் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தாலும் ரத்தத்தில் உப்பு குறைந்து தலை கிறுகிறுக்கும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். உறையில் எழுதிய அளவு தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும், கண்ணளவு கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரித்தது என்று அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பழச்சுவை சேர்த்த சர்க்கரைத் தண்ணீர் இதற்கு ஈடாகாது. கூட வருபவர் உளறினால், தடுமாறினால், உடம்பு கொதித்தால் அது வெப்பத்தாக்கு. நிழலில் கிடத்தி, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

காய்ந்த புல்லில் தீ மேல்நோக்கிப் பாயும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். புகையைக் கண்டால் சரிவில் மேலே ஓடக் கூடாது. புல் இல்லாத பாறையோ, ஏற்கெனவே எரிந்து முடிந்த தரையோதான் புகலிடம். தீ அபாயம் உள்ள மாதங்களில் பாதைகளை மூடிவைப்பது இதற்காகத்தான்.

மழைக்காலம்: அட்டையோடு ஒரு ஒப்பந்தம்

சோலைக்காட்டின் ஈர இலைச்சருகில் அட்டை நூல் கனத்தில் நிமிர்ந்து நின்று, முன்முனையை அப்படியும் இப்படியும் ஆட்டும். நீங்கள் விடும் மூச்சையும் உடல் சூட்டையும் அது மோப்பம் பிடிக்கிறது. ஷூ கயிற்றின் இடுக்கில் நுழைந்து, காலுறையின் நெசவைத் துழாவி, கணுக்காலில் உட்கார்ந்துவிடும். கடிப்பதே தெரியாது. குடித்து உருண்டு விழுந்த பிறகு, காலுறை நனைந்து சிவந்திருப்பதைப் பார்த்துத்தான் பதறுவீர்கள். அதன் எச்சிலில் உள்ள ஹிருடின் போன்ற பொருள் ரத்தத்தை உறையவிடாது. ஆகவே கடிவாயிலிருந்து வெகுநேரம் கசியும். போன ரத்தம் சொற்பம்தான்.

ஒட்டியிருக்கும் அட்டை மேல் உப்புக் கொட்டுவதும் தீக்குச்சியால் சுடுவதும் காலங்காலமாகச் செய்வது. அப்படிச் செய்தால் அது குடித்ததைப் புண்ணுக்குள்ளேயே கக்கிவிடலாம். மெல்லிய முனையின் ஓரத்தில் நகத்தை வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் பிடி விட்டுவிடும். பிறகு மறுமுனையையும் அப்படியே. சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் அழுத்திக் கட்டுங்கள். அரிக்கும், சொறியாதீர்கள், அட்டை கடித்துச் சீழ் பிடிப்பதில் பெரும்பங்கு நம் நகத்துக்குத்தான். முழங்கால்வரை ஏறும் நெருக்கமான துணியாலான அட்டை உறை நல்ல காப்பு. இதயத்துக்காக ஆஸ்பிரினோ, ரத்தம் உறையாமலிருக்க வேறு மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள் மழைக்காலத்தில் சோலைப்பக்கம் போகாமலிருப்பதே மேல்.

அட்டையைவிடப் பயப்பட வேண்டியது ஓடையைப் பார்த்து. நீலகிரியின் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. காலையில் தாண்டிய ஓடை மாலையில் வழிவிடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. காலில் புண்ணோடு தேங்கிய நீரில் இறங்கினால் எலிக்காய்ச்சலுக்கும் வாய்ப்புண்டு.

பனிக்காலம்: நனைந்த பனியன்

வானம் தெளிந்திருக்கும், நடக்க இதைவிட நல்ல காலம் இல்லை. நீலகிரியின் உயர்ந்த புல்வெளிகளில் விடியும்போது உறைபனி வெள்ளை விரித்திருக்கும். ஏறும்போது பருத்திப் பனியன் வியர்வையில் தொப்பலாக நனைகிறது. முகட்டுக்குப் போனதும் காற்று அடிக்கிறது. நனைந்த பருத்தி எளிதில் காயாமல் உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். முதலில் நடுக்கம், பிறகு விரல்கள் ஜிப்பை இழுக்க முடியாமல் தடுமாறும், பேச்சு குழறும். நடுக்கம் நின்றுவிட்டது, ஆனால் ஆள் மந்தமாக இருக்கிறார் என்றால் நிலைமை மோசம். ஈரத்துணியைக் களைந்து, உலர்ந்ததைப் போர்த்தி, நினைவு தெளிவாக இருந்தால் சூடாகச் சர்க்கரை போட்ட டீ கொடுங்கள். 'குளிருக்கு இதமா ஒரு கட்டிங்' என்கிற நண்பரைத் தடுத்துவிடுங்கள். மது தோலின் ரத்தக்குழாய்களை விரித்து, மிச்சமிருக்கும் சூட்டையும் வெளியே விட்டுவிடும்.

ஊர் திரும்பிய பிறகு வரும் காய்ச்சல்

பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணியின் இளம்புழு ஒன்று கடித்தால் ஸ்க்ரப் டைபஸ் வரலாம். கடித்து பெரும்பாலும் ஒன்றரை வாரம் கழித்துத்தான் காய்ச்சலும் தலைவலியும் தொடங்கும். அதற்குள் மலைக்குப் போனதே மறந்திருக்கும். பலருக்கு உடம்பில் ஓரிடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கும், வலிக்காது. அக்குள், இடுப்புப் பட்டை அழுத்தும் இடம், தொடை இடுக்கு, மார்பின் அடிப்பகுதி என்று ஆடை மறைக்கும் இடங்களில் இருப்பதால், தேடினால்தான் தெரியும். தமிழ்நாட்டில் குளிர்மாதங்களில் இது கூடுதலாக வருகிறது. டாக்சிசைக்ளின் என்ற மலிவான மருந்துக்குப் பெரும்பாலும் இரண்டு நாளில் அடங்கிவிடும். ஆனால் வழக்கமாக எழுதித்தரும் பல ஆன்டிபயாடிக்குகள் கேட்காது. கவனிக்காமல் விட்டால் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படும், உயிரும் போகலாம்.

1957இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல் வேறு ரகம். அது உண்ணி மூலம் பரவும் வைரஸ் காய்ச்சல். டிசம்பர் முதல் மே வரை அதன் பருவம். நீலகிரி, வயநாடு வரை வந்திருக்கிறது. பாதையில் குரங்கு செத்துக் கிடந்தால் பக்கத்தில் போகாமல் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

முழுக்கை, முழுக்கால் உடை, புல்லில் நேரடியாக உட்காராமை, வந்ததும் குளியல், போட்ட துணியை வெந்நீரில் துவைப்பது ஆகியவையே தடுப்பு. மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்காமல், எந்தக் காட்டுக்கு, எந்தத் தேதியில் போனீர்கள் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.