பழங்கட்டடமும் புதிய அலையும்

சென்னை எழும்பூரில் அருங்காட்சியக வளாகத்தின்கண் கன்னிமாரா பொது நூலகம் விளங்குகின்றது. ஹென்றி இர்வின் என்னும் கட்டடக்கலை வல்லுநர் வகுத்த முறைப்படி எழுந்த அதன் பழைய கட்டடம், 1896ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. உயர்ந்த கூரையும், வண்ணக் கண்ணாடிகளும், தேக்குமர நூலடுக்குகளும் காண்போர் உள்ளத்தைக் கவரும் தகையன.

இத்தகைய பழம்பெருங் கட்டடத்தில் கம்பியில்லா இணையம் அமைக்க வேண்டுமெனின், எவ்வகைக் கருவிகளைத் தேர்ந்தெடுத்தல் தகும்? வீட்டில் இணைய வசதியற்ற ஏழை மாணவன் பொது நூலகத்தையே நம்பி வருகின்றான். அவன் அமர்ந்த மூலைக்கு அலை எட்டாதாயின், அவனளவில் அவ்வசதி இருந்தும் இல்லாததே. ஆதலின் இவ்வினா சிறிதன்று.

வைஃபை என மக்கள் வழங்கும் இத்தொடர்பு மின்காந்த அலைகளால் நிகழ்வது. பெரிதும் பயன்படுவன இருவகை அலைகள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12 செ.மீ.; 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 6 செ.மீ. முன்னது விரைவிற் குறைந்ததேனும் சுவரை ஓரளவு ஊடுருவிச் செல்லும். பின்னது மிகுந்த செய்தியை விரைந்து சுமக்கும். ஆனால் தடித்த சுவரின்முன் தளர்ந்துவிடும். இரும்பு அலமாரி அலையைத் திருப்பிவிடும். செறிந்த நூலடுக்கும், திரண்ட மக்கள் கூட்டமுங்கூட அலையை மெலிவிக்கும்.

“அங்ஙனமாயின், வலிமை மிக்க கருவி ஒன்றை நடுக்கூடத்தில் வைத்தால் போதாதோ?” எனச் சிலர் வினவுவர். போதாது. இணையத் தொடர்பு வானொலி போல ஒருவழிப் பேச்சன்று. இருவர் உரையாடல் போன்றது. கூடத்தின் ஒரு கோடியில் நிற்பவன் ஒலிபெருக்கியிற் பேசுகின்றான். மறு கோடியில் இருப்பவன் மெல்லிய குரலில் விடை கூறுகின்றான். முன்னவன் சொல் பின்னவனுக்குக் கேட்கும். பின்னவன் சொல் முன்னவனுக்குக் கேளாது. நம் கைப்பேசியின் குரலும் அத்தகைய மெல்லிய குரலே. எனவே, கூடந்தோறும் அளவான ஆற்றலுடைய கருவிகளை வைத்தலே முறையாகும்.

கருவிகள் பலவாயின் ஒன்றன் குரலை மற்றொன்று கெடுத்தலும் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் தம்முள் கலவாதனவாகக் கொள்ளத்தக்கவை 1, 6, 11 என்னும் மூன்று அலைவரிசைகளே. அண்டையிலுள்ள கருவிகளுக்கு வேறு வேறு வரிசைகளைப் பகுத்தளித்தல் வேண்டும். அவை யாவற்றையும் ஓரிடத்திலிருந்து ஆளத்தக்க கருவிகளையே வாங்குதல் நன்று.

அலைக்குக் கம்பி வேண்டாவெனினும், அலையைப் பரப்பும் கருவிக்குக் கம்பி வேண்டும். செப்புக் கம்பிவடம் 100 மீட்டர் வரை பயன்படும். அதற்கு மேற்பட்ட தொலைவிற்குக் கண்ணாடியிழை வேண்டும். செய்தியையும் மின்சாரத்தையும் ஒரே செப்பு வடத்தின் வழியே பெறும் கருவிகள் இன்று கிடைக்கின்றன. அவற்றைக் கொள்வதால் தனி மின்கம்பி இழுக்கும் வேலை குறையும். சுவரில் இடும் துளைகளும் குறையும். பழைய மரவேலைப்பாட்டில் தவறி இட்ட ஒரு துளையைப் பின்னர் எப்பொருள் கொடுத்தும் இல்லாததாக்க இயலுமோ?

“ஆழந் தெரியாமல் காலை விடாதே” என்பது பழமொழி. ஆகவே, கடைக்குச் செல்லுமுன் கட்டடத்தைச் சுற்றிவருதல் வேண்டும். கருவியொன்றைத் தற்காலிகமாக நிறுத்தி, கதவுகளைத் திறந்தும் அடைத்தும், ஒவ்வோர் இருக்கையிலும் அலையின் வலிமையை அளந்து, வரைபடத்திற் குறித்தல் வேண்டும். அவ்வரைபடமே எத்துணைக் கருவிகள், எவ்வெவ்விடத்தில் வேண்டும் என்பதை உரைக்கும்.

விருந்தினன் இல்லத்தாரின் இயல்பறிந்து ஒழுகுதல் போல, புதிய கருவியும் பழங்கட்டடத்தின் இயல்பறிந்து அமைதல் வேண்டும். அப்பொழுதுதான் முன்னோர் எழுப்பிய சுவரும் ஊறுபடாது. மூலையில் அமர்ந்த மாணவனும் பயனின்றித் திரும்பான்.