இந்துமதிக்குக் காக்கி கொடுத்த ஆண்டுகள்

கால்பந்தில் நடுக்கள ஆட்டக்காரரின் வேலை எளிதில் கண்ணில் படாது. கோல் போட்டவரைப் படம் பிடிப்பார்கள், கோலைத் தடுத்தவரைத் தோளில் தூக்குவார்கள். நடுவில் நிற்பவரோ, பந்து தன் காலுக்கு வருமுன்பே அது அடுத்து யாரிடம் போக வேண்டும் என்று கணித்திருக்க வேண்டும். வேகம் உடம்போடு வரும். இந்தக் கணிப்பு ஆடி ஆடித்தான் வரும். நல்ல நடுக்கள ஆட்டக்காரர்கள் பலர் இருபத்தைந்துக்கு மேல் கனிவது இதனால்தான். அதுவரை ஒரு பெண்ணை மைதானத்தில் நிற்க வைப்பது எது? கடலூர் இந்துமதி கதிரேசனின் ஆட்ட வாழ்க்கையைப் பார்த்தால், அவரை நிற்க வைத்ததில் கிளப்பைவிடக் காவல்துறைக்கே பெரிய பங்கு என்று எனக்குத் தோன்றுகிறது.

1994இல் பிறந்தவர் இந்துமதி. 2019 மார்ச்சில் நேபாளத்தின் பிராட்நகரில் நடந்த தெற்காசியக் கோப்பை அரையிறுதியில் வங்கதேசத்தை இந்தியா 4-0 என்று வென்றது. அதில் இரண்டு கோல் அவருடையது. அதே ஆண்டு மே மாதம் லூதியானாவில் சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக்கை வென்றபோது அந்த அணியிலும் இருந்தார். இருபத்தைந்து வயதை நெருங்கி, ஆட்டம் கனிந்து வந்த நேரம் அது. அடுத்த ஆண்டு கொரோனா வந்தது. 2020 பிப்ரவரியில் முடிந்த மகளிர் லீக் மறுபடி தொடங்கியது 2022 ஏப்ரலில். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் லீக்கே இல்லை. கிளப்பை மட்டும் நம்பியிருந்த ஒரு பெண் அந்த இடைவெளியில் என்ன செய்திருப்பார்? வேறு வேலை தேடியிருப்பார், அல்லது வீட்டில் கல்யாணப் பேச்சு எழுந்திருக்கும். இந்துமதி அப்போது சென்னை அண்ணா நகரில் உதவி ஆய்வாளராக ஊரடங்குப் பணியில் நின்றார். சம்பளம் நிற்கவில்லை, ஆட்டமும் நிற்கவில்லை. 2023 ஹாங்சோ ஆசியப் போட்டிக்குச் சென்ற இந்திய அணியில் 29 வயதில் அவர் இருந்தார்.

நாமக்கல் மாவட்ட எருமப்பட்டியில் ஒரு தகப்பனுக்கு இந்த நிற்காத சம்பளத்தின் மதிப்பைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. முட்டை விலை ஏறுவதும் இறங்குவதும் வீட்டுக் கணக்கைப் புரட்டிப் போடும் மாவட்டம் இது. மாதம் பிறந்தால் கைக்கு வரும் பணத்தின் அருமை தெரிந்த ஊர். இந்திய கால்பந்துக் கூட்டமைப்பு 2023இல் ஓர் அறிவிப்பு செய்தது: 2024-25 முதல் மகளிர் லீக்கின் எட்டு அணிகளும் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய்க்குக் குறையாத ஒப்பந்தம் தர வேண்டும். தமிழ்நாட்டில் உதவி ஆய்வாளரின் அடிப்படை ஊதியம் மாதம் 36,900 ரூபாயில் தொடங்குகிறது. வருடக் கணக்கில் அதுவே 4.4 லட்சத்தைத் தாண்டும், படிகள் தனி. முட்டி கிழிந்தால் கிளப் அடுத்த சீசனில் கைவிட்டுவிடலாம். காக்கி அப்படிக் கைவிடாது.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நின்றால் ஆட்டம் கெடாதா என்று கேட்பவர்கள் உண்டு. பயிற்சி நேரம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் 2025 ஜூலை 5 அன்று தாய்லாந்தின் சியாங்மாயில் இந்தியா 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்ற ஆட்டத்தில் இரண்டு கோலையும் அடித்தவர் சங்கீதா பாஸ்ஃபோர். அவரும் நடுக்கள ஆட்டக்காரர். சசஸ்திர சீமா பல் என்ற எல்லைக் காவல் படையில் வேலை பார்ப்பவர். சீருடை அவருடைய காலைக் கட்டிப் போடவில்லை. ஆட்டத்தை உண்மையில் கெடுத்தது ஆட்டங்களின் பஞ்சம். 2017இல் நடந்த முதல் மகளிர் லீக்கின் இறுதிச் சுற்றில் ஆறு அணிகள். கோப்பை வென்ற அணிக்கே கிடைத்தவை ஏழு ஆட்டங்கள். இங்கிலாந்தின் முதல்நிலை மகளிர் லீக்கில் பன்னிரண்டு அணிகள் மோதிய சீசன்களில் ஒவ்வொன்றும் 22 ஆட்டம் ஆடியது. ஏழு ஆட்டத்தில் நடுக்களக் கணிப்பு எப்படிக் கூர்மைப்படும்?

இப்போது நிலைமை மாறிவிட்டதே என்றும் சொல்லலாம். 2023-24இல் சொந்த ஊரிலும் எதிரணி ஊரிலுமாக லீக் நடக்கத் தொடங்கியது. எட்டு அணிகள் ஆடிய 2024-25இல் ஒவ்வொன்றுக்கும் 14 ஆட்டம் கிடைத்தது. இது மகிழ்ச்சி தரும் முன்னேற்றம், இன்னும் வளர வேண்டும் என்பதே என் ஆசை. ஆனாலும் அரசு வேலையைச் சுட்டிக்காட்டிக் கூட்டமைப்பு தன் பொறுப்பைத் தட்டிக்கழிக்க இடம் தரக் கூடாது. உதவி ஆய்வாளர் தேர்வில் விளையாட்டு ஒதுக்கீடு பத்து சதவீதம். அதற்கு எல்லா விளையாட்டுக்காரர்களும் போட்டியிடுகிறார்கள். மாநில அணி வரை வந்து அதற்கு மேல் ஏறாத பெண்ணுக்கு அந்தக் கதவு திறப்பது கடினம். கூட்டமைப்பின் ஒப்பந்தக் கதவும் அகலமில்லை. எட்டு அணி, அணிக்குப் பத்துப் பேர். நாடு முழுவதற்கும் அந்த விதி உறுதி செய்யும் இடங்கள் எண்பது.