கைமின்விளக்கு மரை உயவு

கைமின்விளக்கு மரை உயவு என்பது உலோகத்தால் ஆன கைமின்விளக்கின் (டார்ச் லைட்) தலைப்பகுதி, உடற்குழாய், அடிமூடி ஆகியவை பொருந்தும் திருகுமரைகளில் மெல்லிய மசகுப் படலம் பூசுவதைக் குறிக்கும். மரை தேயாமலும் இறுகிவிடாமலும் இருக்கவும், நீரையும் தூசையும் தடுக்கும் ரப்பர் வளையம் கிழியாமல் இருக்கவும் இது உதவுகிறது. வீடுகளில் இது ஒரு சிறு பராமரிப்பு வேலையே. விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர் போன்ற பட்டாசு, தீப்பெட்டி உற்பத்திப் பகுதிகளில் வேதிப்பொருள் தூசு மரையில் படியக்கூடும் என்பதால், அங்கு இது பாதுகாப்புடன் தொடர்புடையதாகிறது.

மரையில் நிகழ்வது

அலுமினியத்தின் மேற்பரப்பில் இயல்பாகவே மெல்லிய ஆக்சைடுப் படலம் உண்டு. இரு அலுமினிய மரைகள் மசகின்றி அழுத்தத்துடன் உராயும்போது இப்படலம் சிதைகிறது. வெளிப்படும் உலோகப் பரப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிய்வதால் மரை பிடித்துக்கொள்கிறது. துருப்பிடிக்காத எஃகு, டைட்டானியம் ஆகியவற்றிலும் இச்சிக்கல் காணப்படுகிறது. பித்தளையில் இது குறைவு.

பல விளக்குகளில் மரையோ குழாயின் விளிம்போ மின்பாதையின் ஒரு பகுதியாகவும் உள்ளது. பெரும்பாலான மசகுகள் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. எனினும் மூடியை இறுக்கும்போது உலோகம் உலோகத்தைத் தொடும் இடங்களிலிருந்து மசகு பிதுங்கி விலகுவதால், மெல்லிய படலம் மின்னோட்டத்தைத் தடுப்பதில்லை. அளவுக்கு மிஞ்சிய அல்லது அழுக்கடைந்த மசகு, விளக்கு விட்டுவிட்டு எரியக் காரணமாகலாம். கிராஃபைட்டு கலந்த கிரீசு மின்சாரத்தைக் கடத்தும். ஆனால் ஈரம் சேரும்போது அது அலுமினியத்தின் அரிப்பை விரைவுபடுத்துவதால் அலுமினிய மரைகளுக்கு ஏற்றதன்று.

மசகு வகைகள்

மசகைத் தெரிவு செய்யும்போது முதலில் ரப்பர் வளையத்தின் வகையைக் கருத வேண்டும்.

- பெட்ரோலியக் கூழ் (வாசலின்): மலிவானது. நைட்ரைல் ரப்பருக்குப் பொருந்தும். இயற்கை ரப்பர், ஈ.பி.டி.எம். ரப்பர் ஆகியவற்றை உப்பச் செய்யும். கோடையில் வெயிலில் நிறுத்திய வாகனத்தில் இளகி வழிந்துவிடும்.
- தேங்காய் எண்ணெய்: ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழ் உறையும். நாளடைவில் காற்றுடன் வினைபுரிந்து பிசுபிசுப்பாகிறது. எனவே ஏற்றதன்று.
- சிலிக்கோன் கிரீசு: நைட்ரைல், ஈ.பி.டி.எம். வளையங்களுக்குப் பொருந்தும். வெப்பத்தில் எளிதில் இளகாது. சிலிக்கோன் ரப்பர் வளையத்தை உப்பச் செய்யலாம்.
- பெர்ஃபுளோரோபாலியீதர் கிரீசு: எரியாதது. ஆக்சிசன் கருவிகளிலும் பயன்படுகிறது. பெரும்பாலான ரப்பர் வகைகளுக்குப் பொருந்தும். விலை மிகுதி.

பட்டாசு, தீப்பெட்டிப் பகுதிகளில்

பட்டாசுக் கலவையில் வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்டு) ஆக்சிசனைத் தருகிறது. கந்தகம், அலுமினியத்தூள் முதலியன எரிபொருளாகின்றன. பாதுகாப்புத் தீக்குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும், பெட்டியின் உரசும் பக்கத்தில் சிவப்புப் பாசுபரசும் உள்ளன. இரண்டும் உராயும்போது தீப்பற்றுகிறது. திருகுமரையிலும் அழுத்தமும் உராய்வும் ஒருங்கே நிகழ்கின்றன. இத்தகைய தூசு படிந்த மரையைத் திருகுவது, தீக்குச்சியை உரசுவதை ஒத்த செயலாக அமையக்கூடும்.

மசகு பூசினால் இந்த இடர் நீங்கிவிடும் எனக் கருதுவது தவறு. மசகு உராய்வைக் குறைத்தாலும், அதன் ஒட்டும் தன்மையால் தூசைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கனிம எண்ணெயும் தாவர எண்ணெயும் தாமே எரிபொருள்கள். ஆக்சிசன் தரும் தூசுடன் சேரும்போது அவை தீக்கு உதவுகின்றன. எரியாத மசகு இந்த ஒரு குறையை மட்டுமே நீக்குகிறது. தூசின் தீப்பற்றும் தன்மையை எந்த மசகும் போக்குவதில்லை.

எரிவளிச் சூழலுக்கான தீத்தாங்கு விளக்குகளில் மரைக்கு வேறொரு பணியும் உண்டு. உள்ளே வெடிப்பு ஏற்பட்டால், வெளியேறும் சூடான வளிமம் மரையின் நீண்ட குறுகிய பாதையில் குளிர்ந்துவிடுகிறது. இதற்காகக் குறைந்தது 5 மரைச்சுற்றுகள் பொருந்தியிருக்க வேண்டும். இறுகிக் கெட்டிப்படாத மசகையே இம்மரைகளில் பூசலாம். இவ்விளக்குகளுக்கான ஐ.இ.சி. 60079 தர வரிசை எரிவளிகளையும் எரியக்கூடிய தூசுகளையும் கருதி அமைந்தது; வெடிபொருள்களை உள்ளடக்குவதில்லை. ஆகவே அதன்படி சான்று பெற்ற விளக்கு என்பதால் மட்டும் அது பட்டாசுக் கொட்டகைக்கு ஏற்றதாகிவிடாது. இந்தியாவில் பட்டாசு உற்பத்தியும் சேமிப்பும் 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்துக்கும் 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளுக்கும் உட்பட்டவை. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு இவற்றை நடைமுறைப்படுத்துகிறது.

பூசும் முறை

மின்கலங்கள் அகற்றப்பட்டு, பழைய மசகும் கரிய உலோகத்துகளும் பஞ்சிழை விடாத துணியால் துடைக்கப்படுகின்றன. வளையத்தில் வெடிப்போ உப்பலோ இருப்பின் மாற்றப்படுகிறது. பின்னர் மரையின் நிறம் தெரியும் அளவுக்கு மெல்லிய படலம் பூசப்பட்டு, மூடி சில முறை திருகப்படுகிறது. பிதுங்கி வரும் மசகு துடைக்கப்பட வேண்டும். மின்தொடுமுனைகளில் மசகு தேவையில்லை.

பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளில் மின்கலம் மாற்றுதல், மசகு பூசுதல் ஆகிய பணிகளை வேதிப்பொருள்கள் இல்லாத, தொலைவான இடத்திலேயே செய்ய வேண்டும். கலவைத்தூசு படிந்ததாக ஐயம் எழும் விளக்கைத் திருகித் திறக்கவோ, கம்பித் தூரிகையாலும் மணல்தாளாலும் தேய்க்கவோ கூடாது. அதனைத் திறக்காமல் பொறுப்பாளரிடம் ஒப்படைப்பதே பாதுகாப்பானது.