ஸ்கோப் மாட்டினா ஸ்னைப்பர் ஆயிடுமா? பழைய ‘303’-இல் அசல் எது, போலி எது?

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் காவலர் தோளில் தொங்கிய ‘303’ துப்பாக்கியைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதே லீ-என்ஃபீல்டு குடும்பத்தில் ஸ்னைப்பர்களுக்கென்றே உருவானது நம்பர் 4 (டி). இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையிலும், பிறகு இந்திய ராணுவத்திலும் இருந்தது.

தொழிற்சாலைச் சோதனையில் குறி தப்பாமல் சுட்ட துப்பாக்கிகளை மட்டும் பொறுக்கியெடுத்து, 1942 முதல் லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் ஸ்கோப் பொருத்தித் தந்தது. (அந்த நம்பர் 32 ஸ்கோப் முதலில் பிரென் இயந்திரத் துப்பாக்கிக்காகத் திட்டமிடப்பட்டது!) வெளிநாட்டு ஏலங்களில் சாதாரண நம்பர் 4-ஐவிட இதற்குப் பல மடங்கு விலை. அதனால்தான் சாதா துப்பாக்கியில் ஸ்கோப்பை மாட்டி ‘ஒரிஜினல்’னு தலையில் கட்டுகிறார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? இடப்பக்க இரும்பில் ‘டி’ என்ற ஆங்கில எழுத்து, கட்டையின் அடியில் ‘எஸ் 51’ முத்திரை இருக்கணும். ஆனால் எழுத்தை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். எண்களைத்தான் பார்க்கணும். ஸ்கோப்பின் வரிசை எண் மரக்கட்டையின் கழுத்திலும், துப்பாக்கியின் எண் ஸ்கோப்பைத் தாங்கும் பிராக்கெட்டிலும் பொறிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு ஸ்கோப்பும் ஒரே துப்பாக்கிக்குக் குறி சரிசெய்யப்பட்டது. ஜோடி மாறினால் குறியும் மாறும். எண் பொருந்தாவிட்டால் போலி என்று உடனே முடிவு கட்டிவிட முடியாது. ராணுவப் பட்டறையிலேயே ஸ்கோப்பை மாற்றியிருக்கலாம். விலை மட்டும் இறங்கும்.

இந்தியாவில் ‘303’ தடை செய்யப்பட்ட ரகம். சாதாரண லைசென்ஸில் வைத்திருக்க முடியாது. தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்தால், எண்ணை ஆராய்வதற்கு முன் உள்ளூர் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும்.