உஷார்! வேக மூச்சு விளையாட்டில்லை

காரைக்குடியில் எங்கள் தெருவில் ஓர் ஆச்சி. அறுபதைத் தாண்டியவர், பிரஷர் உண்டு. பிள்ளைகள் வெளிநாட்டில், அத்தனை பெரிய வீட்டில் தனியாள். ராத்திரி தூக்கம் பிடிப்பதில்லை. ‘மனக்கவலை தீர மூச்சுப் பயிற்சி’ என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோவைப் பார்த்து, விடியற்காலையில் வளவில் உட்கார்ந்து கபாலபாதி என்ற வேக மூச்சைப் பழக ஆரம்பித்துவிட்டார். மூன்றாம் நாள் உதட்டைச் சுற்றி மரத்துப்போய், கைவிரல்கள் குவிந்து விறைத்துக்கொண்டன. ‘சக்தி ஏறுது’ என்று நினைத்து இன்னும் வேகமாக ஊதியிருக்கிறார்!

ஏறியது சக்தி இல்லை. வேகவேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு தாறுமாறாகக் குறையும், மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும். கரியமில வாயு இப்படிக் குறைவதால்தான் தலைசுற்றலும் விறைப்பும். ஏற்கெனவே படபடப்பு உள்ளவருக்கு இது பயத்தை இன்னும் கிளப்பிவிடும். 29 வயதுப் பெண் ஒருவருக்குக் கபாலபாதியால் நுரையீரலைச் சுற்றிக் காற்றுப் புகுந்துவிட்டதை, 2004இல் ‘செஸ்ட்’ மருத்துவ இதழ் பதிவு செய்திருக்கிறது. ரத்தக்கொதிப்பு, இதயநோய், வலிப்பு, கண் நீர்அழுத்தம், குடலிறக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வேக மூச்சுப் பக்கமே போகவேண்டாம். மூச்சை 16 மாத்திரை இழுத்து, 64 அடக்கி, 32 விடும் திருமூலர் கணக்கும் குருவிடம் இருந்து பழகியவர்களுக்கு; போனைப் பார்த்து 64 எண்ணும் வரை மூச்சை அடக்கிப் பார்க்காதீர்கள்.

இன்னொன்றை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. ஊருணியில் குளிக்கும் பையன்கள், வேகமாக மூச்சு வாங்கிவிட்டு முங்கி, ‘யார் ரொம்ப நேரம்’ என்று பந்தயம் கட்டுகிறார்கள். மூச்சு முட்டுகிற உணர்வைத் தருவதே கரியமில வாயுதான். அதை முன்னாலேயே வெளியேற்றிவிட்டால் முட்டாமலே நினைவு தப்பும், தண்ணீருக்குள்ளேயே. பந்தயத்தை உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

மெதுவாக மூக்கால் இழுத்து, அதைவிட மெதுவாக விடுவது நல்லது. ஐந்து நிமிடம் போதும். கிறுகிறுத்தால் நிறுத்திவிடுங்கள். நெஞ்சு வலித்தால் மூச்சுப் பயிற்சியில் உட்காராமல் 108ஐ அழையுங்கள்.

ஆச்சி வீட்டு அடுப்படியில் பிரஷர் மாத்திரை அட்டை பிரிக்காமலே கிடந்தது. கேட்டால், “அதான் மூச்சு பழகுறேன்ல அப்பு” என்கிறார். பிரஷர் மாத்திரையோ மனநல மாத்திரையோ, டாக்டரைக் கேட்காமல் ஒருநாளும் நிறுத்தாதீர்கள். மனசு தாங்காத ராத்திரியில் 14416க்குப் பேசுங்கள். அரசின் டெலி மானஸ், கட்டணம் கிடையாது, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.