சொகுசுக் கைக்கடிகாரங்களின் ஆண்டு வெளியீடுகளும் சேகரிப்பாளர் எதிர்வினையும்

சொகுசுக் கைக்கடிகார நிறுவனங்கள் ஒவ்வோர் ஆண்டும் தங்கள் புதிய மாதிரிகளை ஒரு குறிப்பிட்ட காலத்தில் ஒன்றாக வெளியிடுவது வழக்கம். அப்போது உலகெங்கும் உள்ள கடிகாரச் சேகரிப்பாளர்கள் அவற்றின் அளவு, வடிவம், இயங்குபொறி, விலை ஆகியவற்றை ஆராய்ந்து தம் கருத்தைத் தெரிவிக்கின்றனர். இந்த எதிர்வினை அடுத்தடுத்த மாதிரிகளின் வடிவமைப்பையும் மறுவிற்பனை விலையையும் பாதிக்கக்கூடியது. முதலில் வரவேற்பு இல்லாமல் போன பல மாதிரிகள் பின்னாளில் மிகவும் தேடப்படும் பொருள்களாக மாறியுள்ளன. ஆகவே முதல் எதிர்வினையை ஒரு கடிகாரத்தின் இறுதி மதிப்பீடாகக் கொள்ள இயலாது. எனினும் நுண்ணிய எந்திரக் கைவினை ஒன்று அழியாமல் நிலைத்திருப்பதில் சேகரிப்பாளர்களின் கவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

வெளியீட்டுக் காட்சிகள்

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் நடந்த பாசல்வேர்ல்டு காட்சி நெடுங்காலம் இத்துறையின் முதன்மையான ஆண்டு நிகழ்வாக இருந்தது. ஜெனீவாவில் 1991 முதல் மற்றொரு காட்சியும் தனியே நடந்து வந்தது. 2020 ஏப்ரலில் ரோலெக்ஸ், பத்தேக் பிலிப் உள்ளிட்ட நிறுவனங்கள் பாசலிலிருந்து விலகின. 2019-இல் நடந்ததே அக்காட்சியின் கடைசி நிகழ்வாக அமைந்தது. இப்போது ஜெனீவாவில் 'வாட்ச்சஸ் அண்ட் வொண்டர்ஸ்' என்ற பெயரில் இளவேனிற் காலத்தில் நடைபெறும் காட்சியே முதன்மையானது.

ரோலெக்ஸ் தன் புதிய மாதிரிகளைக் காட்சி தொடங்கும் நாள்வரை மறைத்து வைக்கும். அதனால் எந்த மாதிரி வரும், எது நிறுத்தப்படும் என்று சேகரிப்பாளர்கள் பல மாதங்களுக்கு முன்பே ஊகிக்கத் தொடங்கிவிடுகின்றனர். புதியவை வெளியாகும் நாளிலேயே சில பழைய மாதிரிகள் பட்டியலிலிருந்து நீக்கப்படுவதும் உண்டு. நீக்கப்பட்ட மாதிரியின் மறுவிற்பனை விலை பல நேரங்களில் உடனே உயர்கிறது.

சேகரிப்பாளர்கள் கவனிக்கும் கூறுகள்

முதலாவது அளவு. வெளியார் கவனிக்காத 1 மி.மீ. வேறுபாடுகூடச் சேகரிப்பாளர்களிடையே நீண்ட விவாதத்துக்கு உள்ளாகும். ரோலெக்ஸின் 'எக்ஸ்ப்ளோரர்' மாதிரி 2010-இல் 36 மி.மீ. இலிருந்து 39 மி.மீ. ஆனது. 2021-இல் மீண்டும் 36 மி.மீ. ஆகச் சுருங்கியது. 2023-இல் அதனுடன் 40 மி.மீ. அளவும் சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழைய அளவே சிறந்தது என்ற தரப்பும் புதியதை ஏற்ற தரப்பும் இருந்தன.

இரண்டாவது தொடர்ச்சி. புதிய மாதிரி அந்த நிறுவனத்தின் மரபோடு பொருந்துகிறதா என்பதே சேகரிப்பாளர்களின் முதன்மையான கேள்வி. 2022-இல் ரோலெக்ஸ் வெளியிட்ட 'ஜிஎம்டி மாஸ்டர் 2' கடிகாரத்தில் சாவித் திருகு இடப்பக்கம் இருந்தது. யாரும் எதிர்பாராத இம்மாற்றம் வியப்பை உண்டாக்கியது. 2023-இல் 'டே-டேட்' வரிசையில் கிழமைக்குப் பதிலாக ஊக்கச் சொற்களும், தேதிக்குப் பதிலாகச் சிறு உருவப் படங்களும் தோன்றும் ஒரு கடிகாரம் வந்தது. இறுக்கமான தோற்றத்துக்குப் பெயர் பெற்ற நிறுவனத்தின் விளையாட்டு முயற்சியாகச் சிலர் அதை ரசித்தனர். மரபுக்குப் பொருந்தாதது என்று சிலர் ஒதுக்கினர்.

மூன்றாவது இயங்குபொறி. எந்திரக் கடிகாரத்தில் முறுக்கப்பட்ட சுருள்வில்லின் ஆற்றலைச் சிறிது சிறிதாக விடுவிக்கும் பகுதி 'எஸ்கேப்மென்ட்' எனப்படும். கடிகாரத்தின் 'டிக் டிக்' ஒலி இதிலிருந்தே எழுகிறது. 2025-இல் வெளியான ரோலெக்ஸ் 'லேண்டு-டுவெல்லர்' மாதிரியில் 'டைனாபல்ஸ்' என்ற புதிய வகை எஸ்கேப்மென்ட் பொருத்தப்பட்டுள்ளது. இது மணிக்கு 36,000 அதிர்வுகளில், அதாவது 5 ஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்குகிறது. தொழில்நுட்ப ஆர்வலர்கள் இதைப் பாராட்டினர். தேன்கூட்டு வடிவ டயலும், கூட்டோடு இணைந்த சங்கிலிப் பட்டையும் எல்லோரையும் கவரவில்லை. ஒரே கடிகாரத்தின் உட்புறம் பாராட்டும் வெளிப்புறம் குறையும் பெறுவது இத்துறையில் புதிதன்று.

விலையும் கிடைக்கும் தன்மையும் நான்காவது கூறு. விரும்பினாலும் வாங்க முடியாத கடிகாரம் குறித்து எழும் சலிப்பு, அதன் வடிவமைப்பு பற்றிய கருத்தோடும் கலந்துவிடுகிறது.

முதல் எதிர்வினை மாறிய நிகழ்வுகள்

ரோலெக்ஸின் 'காஸ்மோகிராஃப் டேடோனா' 1963-இல் அறிமுகமானது. தானாக முறுக்கிக்கொள்ளும் கடிகாரங்கள் பரவிவந்த காலத்தில் இது கையால் சாவி கொடுக்க வேண்டியதாக இருந்தது. அதனால் கடைகளில் மெதுவாகவே விற்றது. அதிலும் மாறுபட்ட டயல் கொண்ட வகையை வாங்கியோர் மிகச் சிலரே. அமெரிக்க நடிகர் பால் நியூமன் அந்த வகையை அணிந்ததால் பின்னர் அது அவர் பெயராலேயே அறியப்பட்டது. அவர் அணிந்திருந்த டேடோனா 2017 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த ஃபிலிப்ஸ் ஏலத்தில் 1.77 கோடி டாலருக்கு மேல் விலைபோனது.

ஓடெமார் பிகே நிறுவனத்தின் 'ராயல் ஓக்' 1972-இல் வெளியானது. இதை வடிவமைத்தவர் ஜெரால்டு ஜென்டா. எண்கோண வளையமும் வெளியே தெரியும் திருகாணிகளும் கொண்ட இந்த எஃகுக் கடிகாரத்துக்குத் தங்கக் கடிகாரத்துக்கு நிகரான விலை வைக்கப்பட்டது. 39 மி.மீ. அளவு அக்காலத்தில் மிகப் பெரியதாகக் கருதப்பட்டது. தொடக்கத்தில் விற்பனை மந்தமாகவே இருந்தது. இன்று அந்நிறுவனத்தின் அடையாளமே அதுதான். பத்தேக் பிலிப் 1976-இல் வெளியிட்ட 'நாட்டிலஸ்' மாதிரிக்கும் ஏறத்தாழ இதே அனுபவம் ஏற்பட்டது. அதை வடிவமைத்தவரும் ஜென்டாவே.

2019 ஜனவரியில் ஓடெமார் பிகே 'கோட் 11.59' என்ற வரிசையை வெளியிட்டபோது கடும் விமர்சனம் எழுந்தது. டயல் எளிமையாக இருப்பதாகவும் விலைக்கு ஏற்ற தனித்தன்மை இல்லை என்றும் பலர் குறை கூறினர். கூட்டின் நுட்பமான வேலைப்பாடு படங்களில் சரியாகத் தெரியவில்லை என்ற மறுப்பும் வந்தது. நிறுவனம் அந்த வரிசையைக் கைவிடவில்லை. 2023-இல் அலை போன்ற நுண்கோடுகள் கொண்ட புதிய டயல்களுடன் எஃகு மாதிரிகள் வந்தபின் பார்வை ஓரளவு மாறியது.

2024 அக்டோபரில் பத்தேக் பிலிப் வெளியிட்ட சதுர வடிவ 'கியூபிட்டஸ்' மாதிரியும் இத்தகைய எதிர்ப்பைச் சந்தித்தது. அதன் 45 மி.மீ. அளவும் நாட்டிலஸை நினைவூட்டும் தோற்றமும் குறைகூறப்பட்டன. 2025-இல் 40 மி.மீ. அளவிலும் அது வெளியானது. கியூபிட்டஸ் பற்றிய இறுதி மதிப்பீட்டுக்கு இன்னும் காலம் ஆகவில்லை.

குறைகூறப்பட்டவை எல்லாம் பின்னாளில் புகழ்பெறும் என்று இவற்றிலிருந்து முடிவு செய்துவிடக் கூடாது. வரவேற்பின்றி மறைந்த மாதிரிகள் பல உண்டு. அவற்றின் பெயர்கள் இன்று பேசப்படுவதில்லை என்பதே வேறுபாடு.

விலையும் ஊக வணிகமும்

சேகரிப்பாளரின் பாராட்டையும் இலாபம் தேடுவோரின் ஆர்வத்தையும் பிரித்தறிவது கடினம். 2021 ஜனவரியில் நாட்டிலஸ் 5711 மாதிரியின் நீல டயல் கடிகாரம் நிறுத்தப்படுவது தெரியவந்ததும் அதன் மறுவிற்பனை விலை ஏறியது. அதே ஆண்டு டிசம்பரில் டிஃபனி நிறுவனத்துக்காகத் தயாரான வெளிர்நீல டயல் கொண்ட ஒரு 5711, ஏலத்தில் ஏறத்தாழ 65 இலட்சம் டாலருக்கு விற்றது. 2022 தொடக்கத்தில் உச்சம் தொட்ட மறுவிற்பனை விலைகள் அதன்பின் இறங்கின. உச்ச விலையில் முதலீடாக எண்ணி வாங்கியவர்கள் நட்டம் அடைந்தனர். வெளியீட்டு நாளின் பரபரப்பை மட்டும் நம்பி வாங்குவதில் உள்ள இடரை இது காட்டுகிறது.

இந்தியாவில் வரி விதிகளும் இதில் பங்கு பெறுகின்றன. 2025 ஏப்ரல் 22 முதல் 10 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கைக்கடிகாரத்தை வாங்கும்போது 1 விழுக்காடு வரி விற்பனையின்போதே வசூலிக்கப்படுகிறது. வாங்குபவர் இதைத் தம் வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம். சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளுடன் இந்தியா 2024 மார்ச்சில் செய்துகொண்ட வணிக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன்படி சுவிஸ் கடிகாரங்களுக்கான சுங்க வரி படிப்படியாகக் குறையும்.

இந்தியக் கடிகாரங்கள்

பொதுத்துறை நிறுவனமான எச்.எம்.டி. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் கைக்கடிகாரத் தயாரிப்பைத் தொடங்கியது. 'ஜனதா', 'பைலட்', 'சோனா' போன்ற சாவி கொடுக்கும் கடிகாரங்கள் நாடெங்கும் பரவின. மின்கலத்தால் இயங்கும் குவார்ட்ஸ் கடிகாரங்களின் போட்டியில் அது பின்தங்கியது. கைக்கடிகாரப் பிரிவை மூட 2016 ஜனவரியில் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. மூடப்படும் செய்திக்குப் பிறகே பழைய எச்.எம்.டி. கடிகாரங்களைத் தேடுவோர் பெருகினர். இந்தத் தேவையைப் பயன்படுத்தி, டயலுக்குப் புதிதாக வண்ணம் தீட்டிய கடிகாரங்களைப் பழைய அசல் என்று விற்பதும் நடக்கிறது. எழுத்துகளின் அச்சுத் தெளிவையும் நிறத்தையும் அசலோடு ஒப்பிட்டுப் பார்த்தே வாங்க வேண்டும்.

டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சி நிறுவனமும் இணைந்து 1984-இல் டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கின. அதன் தொழிற்சாலை ஒசூரில் உள்ளது. 2002-இல் வெளியான 'எட்ஜ்' கடிகாரத்தின் தடிமன் 3.5 மி.மீ., அதன் இயங்குபொறியின் தடிமன் 1.15 மி.மீ. மட்டுமே. குவார்ட்ஸ் கடிகாரங்களால் வளர்ந்த டைட்டன் பின்னர் எந்திரக் கடிகாரங்களிலும் ஈடுபட்டது. ஜெய்ப்பூரின் ஹவா மகால் ஓவியம் தீட்டிய டயலுடன், டூர்பியோன் என்னும் சுழலும் அமைப்பைக் கொண்ட 'நெபுலா ஜல்சா' 10 எண்ணிக்கையில் மட்டும் வெளியிடப்பட்டது. ஏறத்தாழ 40 இலட்சம் ரூபாய் விலையுள்ள இக்கடிகாரம், அன்றாடக் கடிகாரங்களுக்குப் பெயர் பெற்ற ஓர் இந்திய நிறுவனம் சொகுசுச் சந்தையில் ஏற்கப்படுமா என்ற கேள்வியை முன்வைத்தது.

கைவினையும் சேகரிப்பாளர் கவனமும்

நேரம் காட்ட எந்திரக் கடிகாரம் இன்று தேவையில்லை. 1969-இல் ஜப்பானின் செய்கோ நிறுவனம் வெளியிட்ட குவார்ட்ஸ் கைக்கடிகாரம் விலை உயர்ந்ததாக இருந்தாலும், அத்தொழில்நுட்பம் விரைவில் மலிவானது. 1970-இல் ஏறத்தாழ 90,000 ஆக இருந்த சுவிஸ் கடிகாரத் தொழிலாளர் எண்ணிக்கை 1980-களின் நடுவில் சுமார் 30,000 ஆகச் சரிந்தது. எந்திரக் கடிகாரம் அதன்பின் மீண்டதற்கு, கைவேலைக்காகவே கூடுதல் விலை கொடுக்கும் வாங்குபவர்கள் உருவானது முக்கியக் காரணம்.

தமிழ்நாட்டில் இதனோடு ஒப்பிடத்தக்க கைவினை திண்டுக்கல் பூட்டு ஆகும். இரும்பும் பித்தளையும் கொண்டு கையால் செய்யப்படும் இப்பூட்டில், உள்ளே அடுக்கப்பட்ட நெம்புத் தகடுகள் சாவியின் வெட்டுகளுக்கு ஏற்ப உயர்ந்தால்தான் பூட்டு திறக்கும். கடிகாரத்தைப் போலவே இதுவும் நுட்பமாக அராவிப் பொருத்தப்பட்ட பாகங்களால் இயங்குவது. மாங்காய் வடிவப் பூட்டும், சாவியைத் திருப்பும்போது மணி ஒலிக்கும் பூட்டும் இதன் புகழ்பெற்ற வகைகள். கோயில்களும் கிடங்குகளும் இவற்றை நம்பிப் பயன்படுத்தின. 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஆயினும் அலிகாரிலிருந்து வரும் மலிவான எந்திரத் தயாரிப்புப் பூட்டுகளின் போட்டியால் திண்டுக்கல்லில் கைவினைஞர்கள் குறைந்து வருகின்றனர். குவார்ட்ஸ் வந்தபோது சுவிஸ் கடிகாரத் தொழில் சந்தித்த நெருக்கடியும் இத்தகையதே. சுவிஸ் கடிகாரத்தில் 1 மி.மீ. கூடினாலும் குறைந்தாலும் கேள்வி கேட்கச் சேகரிப்பாளர்கள் இருக்கின்றனர். திண்டுக்கல் பூட்டு பெரும்பாலும் விலையை மட்டும் பார்த்தே வாங்கப்படுகிறது. புவிசார் குறியீடு பெயரைப் பாதுகாக்கும். கைவேலையின் தரத்தை அறிந்து அதற்குரிய விலை தரும் வாங்குபவர்களை அதனால் மட்டும் உருவாக்க இயலாது.