பழுதுபார்க்கப் பட்டறை உண்டு. பதிவு செய்யத்தான் வழியில்லை!
பணி ஓய்வில் பழைய காரைப் புதுப்பிக்க விரும்புவோருக்குத் தடையாகும் 50 ஆண்டு விதி

- நமது நாடாளுமன்ற நிருபர் -

புது தில்லி: ஓசூரைக் கடந்து அத்திப்பள்ளி வழியாக பெங்களூருக்குச் செல்வோர், எலெக்ட்ரானிக் சிட்டிக்கு முன்னதாகக் காணும் ஊர் சந்தாபுரா. பொம்மசந்திரா, ஜிகனி, ஓசூர் ஆகிய தொழிற்பேட்டைகள் சுற்றிலும் அமைந்த பகுதி இது. ஆயுள் முழுவதும் இயந்திரங்களோடு பழகிவிட்டு ஓய்வு பெற்ற ஒருவர், தந்தை விட்டுச் சென்ற காரைச் செப்பனிட்டு ஓட்டிப் பார்க்க விரும்பினால், அதற்கு இதைவிடத் தோதான இடம் அரிது. அந்த கார் சாலையில் ஓடலாமா என்பது மட்டும் தில்லியில் முடிவாகும் விஷயம்.

பழங்கால வாகனங்களுக்கென மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் தனி விதிகளை வெளியிட்டது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த கார்களும் இருசக்கர வாகனங்களும் அவற்றின்படி 'வின்டேஜ்' தகுதி பெறும். புதிய பதிவுக்கு ரூ. 20 ஆயிரம், பத்தாண்டுகள் செல்லும். புதுப்பிக்க ரூ. 5 ஆயிரம். பதிவெண் பலகையில் மாநிலக் குறியீட்டை அடுத்து 'வி.ஏ.' என்ற எழுத்துகள் இடம்பெறும்.

சென்னையை அடுத்த வண்டலூர் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு ஆலையில் தயாராகி, 1970-இல் பதிவான ஹெரால்டு கார் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதற்கு வயதுத் தகுதி உண்டு. ஆனால், கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே அதைச் சாலையில் செலுத்தலாம். பேத்தியைப் பள்ளியில் கொண்டுபோய் விட்டால் விதிமீறல்!

சேசிஸ், கூடு, என்ஜின் ஆகியவற்றில் மாற்றம் ஏதுமின்றி, கார் அசல் நிலையில் இருக்க வேண்டும் என்பது அடுத்த நிபந்தனை. டீசல் மலிவாக விற்ற காலத்தில் எத்தனையோ அம்பாசிடர்களில் பெட்ரோல் என்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் என்ஜினைப் பொருத்தினார்கள். அத்தகைய கார் எவ்வளவு பழையதானாலும் இந்த வரையறைக்குள் வராது. பழைய என்ஜினைத் தேடிப்பிடித்து மீண்டும் பொருத்துவதாக இருந்தாலும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி அனுமதி பெற்றாக வேண்டும்.

இதையெல்லாம்கூட சமாளித்துவிடலாம். உண்மையான சிக்கல் 1980-களின் பிரீமியர் பத்மினிக்கும், 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800-க்கும்தான். இன்று ஓய்வு பெறுவோர் தம் இளமையில் கண்டு ஏங்கிய கார்கள் இவையே. சட்டத்தின் கண்ணில் இவை வின்டேஜ் அல்ல. வெறும் பழைய வாகனங்கள். 15 ஆண்டுகளுக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனை நடத்திப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 மார்ச் வரை ரூ. 600 ஆக இருந்த கட்டணம், அந்த ஆண்டு ஏப்ரலில் ரூ. 5 ஆயிரமானது. 20 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் ரூ. 10 ஆயிரமாக உயர்த்தப்பட்டது.

சந்தாபுரா எல்லையோர ஊர் என்பதால் சுமை இன்னும் கூடுகிறது. தமிழகப் பதிவெண் கொண்ட கார் 12 மாதங்களுக்கு மேல் அங்கு இருந்தால், தடையில்லாச் சான்று பெற்று கர்நாடகப் பதிவெண்ணுக்கு மாற வேண்டும். அம்மாநில வரி தனி.

தலைநகர் வட்டாரத்தில் நிலைமை இதைவிடக் கடுமை. 10 ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்களையும், 15 ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் வாகனங்களையும் இயக்கத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை 2018-இல் உச்ச நீதிமன்றமும் உறுதிப்படுத்தியது. தில்லியின் குளிர்காலக் காற்றைச் சுவாசித்தவர்கள் அந்தக் கண்டிப்பைக் குறைகூறமாட்டார்கள். ஆனால், தினமும் ஓடும் காரையும் மாதம் ஒருமுறை கொட்டகையிலிருந்து வெளிவரும் காரையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமாகத் தெரியவில்லை.

சர்வதேச பழங்கால வாகனக் கூட்டமைப்பு 30 ஆண்டு வயதையே வரம்பாகக் கொண்டுள்ளது. ஜெர்மனியிலும் 30 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களுக்குச் சிறப்புப் பதிவெண் வழங்கப்படுகிறது. இங்கு மட்டும் ஏன் 50? மகாராஜாக்களின் ரோல்ஸ் ராய்ஸ்களை மனதில் கொண்டு வகுத்த விதியோ என்று கேட்கத் தோன்றுகிறது.

சாமானியரின் காருக்கும் வரலாறு உண்டு. பிரதமராக இருந்தபோது லால் பகதூர் சாஸ்திரி பஞ்சாப் நேஷனல் வங்கியில் ரூ. 5 ஆயிரம் கடன் பெற்று ஒரு ஃபியட் வாங்கினார். 1966-இல் அவர் மறைந்த பின், மனைவி லலிதா தமது ஓய்வூதியத்திலிருந்து அக்கடனை அடைத்தார். தில்லி நினைவகத்தில் இன்றும் நிற்கும் அந்த கார், அன்றைய நடுத்தரக் குடும்பங்கள் வைத்திருந்த அதே ரகம்தான்.

பதிவுச் சிக்கல் தீர்ந்தாலும் எரிபொருள் சிக்கல் காத்திருக்கிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2025-இல் நாடு முழுவதும் பரவலாகிவிட்டது. எத்தனால் கலக்காத பெட்ரோலையும் விற்கக் கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி தள்ளுபடி செய்தது. நீண்டகாலப் பயன்பாட்டுக்குப் பின் பழைய வாகனங்களில் சில ரப்பர் பாகங்களை மாற்ற நேரலாம் என்பதை பெட்ரோலிய அமைச்சகமே ஒப்புக்கொண்டுள்ளது. எனவே, கார்புரேட்டர் ரப்பர்களையும் எரிபொருள் குழாய்களையும் தொடக்கத்திலேயே மாற்றிவிடுவது நல்லது. அதற்கும் முன்பாக, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ், என்ஜின் எண்கள் காரில் பொறித்துள்ளவற்றோடு பொருந்துகின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். பொருந்தாவிட்டால், பெயின்டுக்குச் செலவிடும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குச் செல்வதே முதல் வேலை.